எந்த ஊர் எந்தத் தலைவனுக்கு?

சவ்வாது மலையில் ஏறிப் பார்ப்போர் 'நாடு' என்று முடியும் ஊராட்சிகளைக் காண்பர். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு - இவை திருப்பத்தூர் மாவட்டப் பகுதியில் அரசாங்கப் பதிவேட்டிலேயே வழங்கும் பெயர்கள். ஊராட்சித் தலைவர் உண்டு. கிராம நிர்வாக அலுவலர் உண்டு. ரேஷன் கடையும் உண்டு. ஆயினும் பழைய நாடு பெயரிலே நிலைத்து நிற்கிறது. நாடென்று ஒன்றிருந்தால் அதற்கு நாட்டார் ஒருவர். ஊரென்று ஒன்றிருந்தால் அதற்கு ஊர்க்கவுண்டர் ஒருவர். ஊர்க்கவுண்டர் நாட்டாருக்குக் கட்டுப்பட்டவர் - இப்படி அடுக்கடுக்காக அமைந்தது மலைவாழ் மக்களின் பழைய ஆட்சி முறை.

இரண்டு நாட்டார்களுக்கு நடுவே ஓர் ஊர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "இவ்வூர் என் கட்டு" என்கிறார் ஒருவர். "பாட்டன் காலந்தொட்டு என் கட்டு" என்கிறார் மற்றவர். திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு, தண்டப் பணம் யார் கைக்கு, மணவிலக்குப் பஞ்சாயத்து யார் திண்ணையில் - இவற்றிலே தொடங்கிய பூசல் முற்றி, இருவரும் மலையிறங்கி நீதிமன்றப் படியேறுகின்றனர். கறுப்பு அங்கி அணிந்த இருவர் வாதாடுகின்றனர். யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே நீதிபதியின் முன் வைக்கப்படும் கேள்வி.

நாம் கேட்க விரும்புவது வேறு. அந்த வழக்கில் அந்த ஊர் எங்கே நிற்கிறது? வாதியா? பிரதிவாதியா? சாட்சியா? அல்லது, இரு அண்ணன் தம்பியர் பங்கிட்டுக்கொள்ளும் பசுமாட்டைப்போல, வெறும் வழக்குச் சொத்தா?

வீண் கற்பனை என்று தோழர்கள் இதைத் தள்ளிவிட வேண்டாம். இந்தப் பூசலுக்காகவே மன்றங்கள் அமைத்துத் தீர்ப்புக் கூறும் நாடுகள் உலகில் உள்ளன. அவற்றுக்குச் செல்லுமுன், நம் மலையடிவாரத்திலேயே தொடங்குவோம்.

சவ்வாது மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரளத்து மலையாளிகள் வேறு, இவர்கள் வேறு. இவர்கள் தமிழ் பேசும் மக்கள். இவர்கள் மலையேறிய வரலாறு என்று ஒரு கதையை, வெள்ளையர் காலத்தில் வட ஆர்க்காட்டு மாவட்டத்தைப்பற்றி எழுதியோர் குறித்து வைத்தனர். கங்குந்தி வேடர்கள், காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர் மறுத்தனர். வேடர்கள் ஏழு கன்னியரைத் தூக்கிச் சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர், ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பி வந்தால் தாங்கள் மாண்டுவிட்டதாகக் கொள்ளுமாறு மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றிலே வெள்ளம். ஆடவர் கடந்துவிட்டனர், நாய்களோ பாதி வழியில் திரும்பிவிட்டன. நாய்களைக் கண்ட மனைவியர் கணவருக்கு இறுதிச் சடங்குகளைச் செய்து முடித்தனர். வேடரைக் கொன்று திரும்பிய ஆடவருக்குத் தம் வீட்டிலேயே இடமில்லை; செத்தவன் எப்படி வீட்டிற்குள் வருவான்! வேறு வழியின்றி வேடர் பெண்டிரை மனைவியராக்கிக்கொண்டு, சவ்வாது மலை ஏறி உழுது பிழைத்தனர் என்று முடிகிறது கதை.

இதை வரலாறென்று நாம் ஏற்கவில்லை. மலைவாழ் மக்களுக்குக் கீழ்நாட்டுச் சாதி மூலம் ஒன்றை ஒட்டவைக்கும் ஆசை இதில் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தூக்கிச் செல்லப்பட்ட ஏழு கன்னியரை எவரேனும் ஏதேனும் கேட்டதுண்டா? கொல்லப்பட்ட வேடரின் பெண்டிரை எவரேனும் கேட்டதுண்டா? உயிரோடு வாசலில் நிற்கும் கணவனை ஏற்பதா மறுப்பதா என்று, காஞ்சியில் சடங்கு செய்த மனைவியரைத்தான் கேட்டார்களா? கேட்டதாகக் கதையில் இல்லை. யார் யாரைச் சேர்ந்தவர் என்பதை வெள்ளமும் வில்லும் நாயும் முடிவு செய்தன. இந்தக் கதையைப் பாட்டி சொல்லப் பேரன் கேட்டு வளர்ந்த நிலத்தில்தான் கட்டு, உரிமை, மரியாதை என்ற சொற்களும் வளர்ந்தன.

மலையின் தென்புறம் இறங்கினால் செங்கம். பல்லவர் காலத்திலிருந்து நட்ட நடுகற்கள் நிறைந்த வட்டாரம் அது. 'செங்கம் நடுகற்கள்' என்ற பெயரில் அவற்றைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. அக்கற்களின் எழுத்தமைப்பே ஒரு பாடம். முதலில் பேரரசன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்து அவன் கீழிருந்த தலைவன். அவனுக்கும் கீழே அவன் சேவகன். ஆநிரை கவர்ந்தபோதோ மீட்டபோதோ உயிர் விட்டவன் அந்தச் சேவகன்; கல் எழுந்ததும் அவனுக்காகவே; ஆனால் அவன் பெயர் வருவது கடைசியில்! எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று, கள்வரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் நாயையும் பெயர் சொல்லிப் போற்றுகிறது. நாய்க்குக் கிடைத்த பெருமையில் நமக்குப் பொறாமை இல்லை. தலைவனுக்காக உயிர் கொடுத்தால் கல்லில் இடம் உண்டு; எந்தத் தலைவன் வேண்டும் என்று சொல்ல மட்டும் கல்லிலும் இடமில்லை, மன்றிலும் இடமில்லை.

பின்னர் சோழப் பேரரசு தளரத் தொடங்கிய காலம். மூன்றாம் குலோத்துங்கன் (1178-1218) பெயரளவில் பேரரசன். அவனுக்குக் கீழ்ப்பட்ட தலைவர்களான சம்புவராயர்களும், தகடூர் விடுகாதழகிய பெருமாள் போன்றோரும் தமக்குள் உடன்படிக்கை செய்துகொண்டு, அவற்றைக் கல்லிலும் வெட்டி வைத்தனர். உயிருள்ளவரை ஒருவருக்கு ஒருவர் தீங்கு எண்ணுவதில்லை, ஒருவருடைய பகைவரோடு மற்றவர் உறவாடுவதில்லை என்பது அவற்றின் போக்கு. அரசனுக்கு அடங்கியவர்கள் அரசனை நம்பாமல் தமக்குள் ஆணையிட்டுக்கொண்ட கதை அது. ஒப்பந்தத்தை மீறினால் வழக்காடப் பொது மன்றம் இல்லை. வாள்தான் வழக்கறிஞர், வாள்தான் நீதிபதி.

வாளுக்குப் பதில் மன்றம் வந்தது நல்லதுதானே என்பர் சிலர். நல்லதுதான். ஆனால் முதலில் வந்த மன்றம் எத்தகையது என்று பார்க்க வேண்டாமா? 1792-இல் ஆர்க்காட்டு நவாபோடு செய்த உடன்படிக்கையால், பாளையக்காரர்களிடம் கிஸ்தி வாங்கும் அதிகாரம் கும்பெனியின் கைக்குப் போயிற்று. நவாபும் வெள்ளையனும் மேசையில் கையெழுத்திட்டார்கள். பாஞ்சாலங்குறிச்சி யாருக்குக் கட்டுப்பட்டது என்பது அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது. பாளையக்காரரையே கேட்காதவர்கள் பாளையத்து உழவரையா கேட்டிருப்பார்கள்? 1799 அக்டோபர் 16-ஆம் நாள், கயத்தாற்றில், மற்றப் பாளையக்காரர்களை வரவழைத்து வைத்துக்கொண்டு, மேஜர் பானர்மன் கட்டபொம்மனை விசாரித்தான், அன்றே தூக்கிலிட்டான். கிஸ்தி கொடுக்கவில்லை, அழைத்தபோது வரவில்லை, படையை எதிர்த்தாய் என்பவை குற்றங்கள். சுருங்கச் சொன்னால், நீ எனக்குக் கட்டுப்பட்டவன் அல்லவா என்பதே குற்றச்சாட்டு. குற்றம் சாட்டியவனே நீதிபதி! கூடியிருந்த பாளையக்காரர்களோ, நாளை நம் கதி இதுதான் என்று அறிந்துகொள்ள அழைக்கப்பட்ட பார்வையாளர்கள்.

சிவகங்கையின் கதை இன்னும் சுவையானது, நீளமானதும்கூட. 1801-இல் மருது சகோதரர்களை ஒழிக்கக் கும்பெனி முன்னிறுத்திய கௌரி வல்லபர் 1829-இல் மறைந்தார். அவருடைய சொத்தும் பட்டமும் யாருக்கு என்ற வழக்கு, முப்பதாண்டுகளுக்கு மேல் நடந்து, 1863-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் அவர் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு பெண் வென்றது கண்டு மகிழலாம். ஆனால் சிவகங்கைச் சீமையின் குடியானவன் அந்த முப்பதாண்டுகளில் ஒருமுறையாவது எங்கேனும் விசாரிக்கப்பட்டானா?

இனிக் கடல் கடந்து செல்வோம். இத்தகைய வழக்குகள் இன்றும் உயிரோடிருக்கும் இடம் கானா. அங்கே தலைவனின் அடையாளம் முடியன்று. முக்காலி போன்றதோர் இருக்கை. சிறிய இருக்கைக்காரன் பெரிய இருக்கைக்காரன் முன் ஆணை மொழிந்து பணிவைத் தெரிவிப்பான். அசாந்தி அரசு 1720-களில் போனோ மக்களை வென்றது. டெச்சிமானைச் சுற்றிய சில ஊர்களை, குமாசித் தலைவர்களின் பொறுப்பிலே வைத்தது. இருநூறு ஆண்டுகள் கழிந்தன. 1935-இல் ஆங்கிலேயர் அசாந்திக் கூட்டரசை மீட்டமைத்தபோது டெச்சிமானும் அதில் சேர்ந்தது, இழந்த ஊர்கள் திரும்பும் என்ற நம்பிக்கையோடு. திரும்பவில்லை. 1951-இல் டெச்சிமான் விலகிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு, 1959-இல், நிக்ரூமாவின் அரசு அப்பகுதியைத் தனி மாநிலமாகவே பிரித்தது. ஆயினும் தீரவில்லை! டுவோபோடோம் என்ற ஊரில் தலைவர் இருவர். ஒருவர் டெச்சிமானுக்குக் கட்டுப்பட்டவர். மற்றவர் குமாசியில் உள்ள அசாந்தி அரசருக்குக் கட்டுப்பட்டவர். 2010-இல் அங்கே கலவரமே மூண்டது. 1720-களில் நடந்த போருக்கு 2010-இல் வீடு எரிகிறது. எரிந்த வீட்டுக்காரன் எந்த இருக்கையிலும் அமராதவன்.

கானாவின் 1992-ஆம் ஆண்டு அரசமைப்பு இவ்வழக்குகளுக்குத் தனி வழி வகுத்துள்ளது. மாநிலத் தலைவர் மன்றம், அதன்மேல் தேசியத் தலைவர் மன்றம், அதற்கும் மேல் உச்ச நீதிமன்றம். எவரைத் தலைவராக ஏற்பது, எவரை விலக்குவது என்ற அதிகாரத்தை நாடாளுமன்றம்கூட எவருக்கும் சட்டமியற்றி வழங்க முடியாது. அமைச்சர்கள் தமக்கு வேண்டியவனைத் தலைவனாக்கும் கொடுமையைத் தடுக்க எழுந்த ஏற்பாடு இது. அதன் நோக்கத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் கீழ்ப்படிகளில் வழக்கைக் கேட்பவர் யார்? தலைவர்களே. தலைவர்களின் பூசலைத் தலைவர்கள் விசாரிக்கின்றனர்!

சரி, விசாரணையில் சான்றாக வருவது எது? எழுத்து இல்லை. பாட்டன் சொன்னான், பூட்டன் சொன்னான். முன்னொரு காலத்தில் உன் முன்னோன் என் முன்னோனின் இழவுக்கு ஆடு கொண்டுவந்தான். என் முரசு முழங்கியபோது உன் முரசு அடங்கியது. இரு தரப்பும் இப்படிச் சொன்னால் எதை நம்புவது? கோல்டு கோஸ்ட் என்று வழங்கிய அந்நாட்டிலிருந்து சென்ற வழக்கொன்றில், 1957-இல், பிரிவி கவுன்சில் ஒரு வழி காட்டியது. வழிவழிக் கதை சொல்லும் சாட்சி பொய்யன் அல்லன். கேட்டதை உண்மையென்று நம்பியே சொல்கிறான். ஆகையால் அவன் முகக்குறியைப் பார்த்து உண்மையைக் கண்டறிய இயலாது. அண்மைக்காலத்தில் என்ன நடந்து வந்தது என்ற மெய்யான நிகழ்ச்சிகளோடு இரு கதைகளையும் ஒப்பிட்டு, எது நடந்திருக்கக்கூடும் என்று பார்க்க வேண்டும். இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

பகுத்தறிவாளருக்கு இனிக்கும் முறை இது. புராணத்தை உரைகல்லில் உரசிப் பார்க்கச் சொல்கிறார்கள் நீதிபதிகள்! நாமும் பாராட்டுகிறோம். எனினும் ஓர் ஓட்டை இருக்கிறது. அண்மைக்கால நிகழ்ச்சி என்பது என்ன? அண்மையில் யார் வலியவனோ, அவன் வாங்கிய திறையும் பெற்ற கும்பிடும்தான். ஐம்பது ஆண்டுகள் அடித்துக் கும்பிட வைத்தவன், ஐம்பதாண்டுக் கும்பிடையே சான்றாகக் காட்டுகிறான். அடிமைப்படுத்திய செயலே அடிமைக்கு எதிரான பத்திரமாகிறது. நீதிபதி நேர்மையானவராக இருக்கலாம். முறையும் நுட்பமானதாக இருக்கலாம். கேட்ட கேள்வி கோணலானால் நேர்மையும் நுட்பமும் என்ன செய்யும்? "இவ்வூர் யாருக்குக் கட்டுப்பட்டு வந்தது" என்று கேட்டால் பழைய வெற்றி விடையாக வரும். "இவ்வூரார் யாரோடு இருக்க விரும்புகின்றனர், யாரோடும் இல்லாதிருக்க விரும்புகின்றனரா" என்று கேட்டால் விடையளிக்க உயிருள்ளவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் நீதிமன்றமே வேண்டாம், மலைவழக்கை மலையே தீர்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு கட்சி கிளம்பும். மரபு என்ற சொல்லைக் கேட்டதும் கண்ணீர் மல்கும் கட்சி அது. அவர்களுக்கு மேகாலயத்து காசி மலையை நினைவூட்டுகிறோம். அங்கே மில்லியம் என்னும் பகுதியின் சியெம், அதாவது மரபுவழித் தலைவர், மாவட்ட மன்றம் தம்மைப் பதவியிலிருந்து நிறுத்திவைத்ததை எதிர்த்து வழக்காடினார். உயர்நீதிமன்றத்தில் வென்றார். மேல்முறையீட்டில் இந்திய உச்ச நீதிமன்றமோ, நியமிக்கும் அதிகாரத்தில் நீக்கும் அதிகாரமும் அடங்கும் என்றது. 1961-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் அதைக் காணலாம். மக்கள் வாக்கால் அமைந்த மன்றத்துக்கு விடை சொல்ல வேண்டியவராயிற்று தலைவர். மிசோ மலையிலோ வழக்கே தேவைப்படவில்லை. தலைவர்களுக்குக் கட்டிய கப்பத்தையும் கட்டாயப் பணியையும் வெறுத்து மக்கள் இயக்கம் கண்டனர். 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தலைவர் உரிமைகளையே கையகப்படுத்தி முடித்தது. மரபு போனதால் மிசோ மக்கள் மாண்டுவிடவில்லை.

பெரிய மன்னர்கள் பொருட்டு இந்திய அரசமைப்பு வேறொன்றைச் செய்தது. சமஸ்தானங்களோடு செய்த உடன்படிக்கைகளைப்பற்றிய பூசல் எதையும் நீதிமன்றங்கள் விசாரிக்கலாகாது என்று 363-ஆம் பிரிவில் எழுதியது. மன்னர் என்ற ஏற்பையும் மானியத்தையும் 1971-இல் 26-ஆம் திருத்தம் நீக்கிற்று. யார் பெரிய மன்னர் என்று நீதிபதிகள் ஆராய வேண்டிய தேவையே அற்றுப்போயிற்று. தமிழ்நாட்டிலோ, கட்டைப் பஞ்சாயத்துகள் சட்டத்துக்குப் புறம்பானவை, அவற்றை ஒடுக்க வேண்டும் என்று, ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-இல் கூறியது.

இவ்வளவும் சொன்னபின், சமவெளிச் சீர்திருத்தக்காரராகிய நமக்குக் கைதட்டி எழுந்துவிடத் தோன்றும். "நாட்டாரும் வேண்டாம், நாடும் வேண்டாம், சட்டம் போதும்!" உட்காருங்கள் தோழர்களே, கொஞ்சம் பொறுங்கள். சவ்வாது மலையிலே சட்டம் எந்த உடையில் வந்தது என்று கேட்டீர்களா? காக்கி உடையில் வந்தது. காட்டைக் காப்புக்காடு என்றது. தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் விளைவித்தவனை அத்துமீறியவன் என்றது. விறகுச் சுமையைக் குற்றம் என்றது. ஆந்திரத்து சேசாசலம் காட்டிலே 2015 ஏப்ரல் 7-ஆம் நாள் காவலர் சுட்டதில் 20 பேர் மாண்டனரே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி! அவர்களுள் சவ்வாது மலையின் மக்களும் இருந்தனர். தரகனின் கூலிக்காக மலையிறங்கியவர்கள். அவர்கள் எந்த நாட்டாரின் கட்டு, எந்த அரசின் குடி என்று அன்றைக்கு எவரும் உரிமை கொண்டாடிப் போட்டியிடவில்லை. திறையும் முதல் மரியாதையும் கேட்கும் நாளில் இரண்டு தலைவர்கள் வருகிறார்கள். பிணம் வாங்கும் நாளில் ஒருவரும் வருவதில்லை.

ஆகவே நாட்டாரைப் பற்றி நாம் பேசும்போது குரலைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருக்கிறது. எழுத்தறியாத ஊருக்கு, அதிகாரி வந்தால் எதிர்நின்று பேச ஓர் ஆள் வேண்டும். கடன்காரன் நிலத்தைக் கேட்டால் கூடிப் பேச ஒரு திண்ணை வேண்டும். அந்த ஆளும் திண்ணையும் பழைய முறையில்தான் கிடைத்தன என்றால், மாற்று ஏதும் வைக்காமல் அதை இடித்துவிட்டு வருவது சீர்திருத்தம் ஆகாது. தரகனுக்கு வழிவிட்டதாக முடியும். அதே திண்ணையில்தான் பெண்ணுக்குப் பேச இடமில்லை என்பதையும், சாதிவிட்டு மணந்தவர்களுக்குத் தண்டம் விதிக்கும் இடமும் அதுவாகிவிடக்கூடும் என்பதையும் நாம் மறக்கவில்லை. இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்து மற்றொன்றைப் பேசுவோர் நாட்டாருக்கு வேண்டியவர்கள், அல்லது வனத்துறைக்கு வேண்டியவர்கள்.

தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடம் ஒன்றுகூட இல்லை. எனவே, அத்தகைய பகுதிகளின் பழங்குடி கிராம சபைகளுக்கு 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரங்கள் சவ்வாது மலைக்கு எட்டவில்லை. எட்டக்கூடியது 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். எந்த நிலம் எவருடைய உழவில் இருந்தது, எந்தக் காடு எந்த ஊரின் பொதுக்காடு என்று விசாரித்து முதல் தீர்மானம் செய்யும் உரிமையை அது கிராம சபைக்குத் தருகிறது. நாட்டாருக்குத் தரவில்லை, தாசில்தாருக்கும் தரவில்லை. அந்தச் சபையில் வயது வந்த ஒவ்வொருவரும் உறுப்பினர். 2012-இல் திருத்திய விதிகளின்படி, மொத்த உறுப்பினரில் பாதிப்பேருக்குக் குறையாமல் கூடியாக வேண்டும். கூடியவர்களில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களாக இருக்க வேண்டும். இல்லையேல் கூட்டமே செல்லாது.

இரண்டு நாடுகளுக்கு இடையே கிடக்கும் நம் ஊரின் வழக்கு, நாளை ஒரு நீதிபதியின் முன் வந்தால், முரசுக் கதைகளைக் கேட்டு முடித்தபின் அவர் ஓர் ஆணை பிறப்பிக்கலாம்: அந்தச் சபையைக் கூட்டி, இவ்விரு தலைவர்களையும் வெளியே அமர்த்திவிட்டு, ஊராரின் கருத்தை எழுதி வாங்கி வருக என்று. அவர் அப்படி ஆணையிடுமுன், படிவம் நிரப்பவும், வரைபடம் வரையவும், கூட்ட நாளைப் பெண்களுக்கு வீடு வீடாகச் சென்று அறிவிக்கவும் ஆட்கள் வேண்டும். போளூரிலும் செங்கத்திலும் திருப்பத்தூரிலும் படிப்பகம் நடத்தும் நம் இளைஞர்களுக்கு மலை தொலைவில் இல்லை. பேருந்து போகிறது.